புரோஸ்டேட் புற்றுநோய்: ஒரு கோயில் சங்கம் ஆண்களுக்காக என்ன செய்யலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் சங்கத்தின் செயலாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய பெரியப்பாவுக்கு, நோய் எலும்புவரை பரவிய பிறகுதான் புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்தது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்த கையோடு, இனி நம் ஆண்களுக்கு இப்படி நேரக்கூடாது என்று சங்கத்து இளைஞர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். நவம்பரில் மீசை வளர்த்து நிதி திரட்டுவது, கந்த சஷ்டி நாட்களில் கோயில் மண்டபத்தில் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை முகாம் நடத்துவது என்பது அவர்கள் திட்டம். இது சரியா, நோய் வந்துவிட்ட ஆண்களுக்கு இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் புறநோயாளிப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல வேண்டியது. முகாமில் எத்தனை பேர் கையை நீட்டி இரத்தம் கொடுத்தார்கள் என்பதை வைத்து உங்கள் முயற்சியை அளக்காதீர்கள். பரிசோதனை முடிவு சரியில்லை என்று தெரிந்த மனிதர் மறுநாள் காலையில் யாரிடம் போவார், யார் அவரோடு போவார், ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருப்பார் என்பதற்கு முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகு ஊரைக் கூப்பிடுங்கள். பின்னால் ஒரு பாதை இல்லாமல் பரிசோதனை மட்டும் செய்து அனுப்பினால், அந்த மனிதர் ஒரு காகிதத்தையும் பயத்தையும் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். அந்தக் காகிதம் பூஜை அறை அலமாரியில் மடித்து வைக்கப்பட்டுவிடும்.

பரிசோதனையைப் பற்றி உங்கள் இளைஞர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்த சிறிய சுரப்பி. பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். இரத்தத்தில் அது கூடியிருந்தால் புற்றுநோய் இருக்கலாம் என்பதற்கு ஓர் அறிகுறி, அவ்வளவுதான். வயதாகும்போது சுரப்பி சாதாரணமாக வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும், முந்தைய இரண்டு நாட்களுக்குள் உடலுறவு கொண்டிருந்தாலும், நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டியிருந்தாலும் அந்த எண் கூடலாம். சுரப்பி வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். அதைக் கேட்டறியாமல் முடிவைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிடக் கூடாது. மில்லிலிட்டருக்கு 4 முதல் 10 நானோகிராம் வரை இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே திசுப் பரிசோதனையில் புற்றுநோய் தென்படுகிறது. எண் குறைவாக இருப்பதால் நோயே இல்லை என்றும் உறுதி சொல்ல முடியாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொடக்க நிலையில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் கிடையாது. இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிப்பவருக்குச் சாதாரண வீக்கம் மட்டும் இருக்கலாம். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்குப் புற்றுநோய் இருக்கலாம். "எனக்குத் தண்ணீர் நன்றாகத்தான் போகிறது, எனக்கு எதற்குச் சோதனை?" என்று பெரியவர்கள் சொல்வதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். உங்கள் துண்டுப் பிரசுரத்தின் முதல் வரி இதற்குப் பதிலாக அமையட்டும்.

யாரைக் கூப்பிடுவது? தென்னாப்பிரிக்க வழிகாட்டுதலின்படி, கறுப்பின ஆண்களும், நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது புரோஸ்டேட் புற்றுநோயோ மார்பகப் புற்றுநோயோ இருந்த ஆண்களும் 40 வயதிலிருந்தே சோதனையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்; மற்றவர்கள் 45 வயதிலிருந்து. மார்பகப் புற்றுநோய் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் குடும்பங்களில் அப்பாவுக்கு என்ன நோய் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பில் வந்த நோய்க்கும் தங்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று மகன்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்த இரண்டு புற்றுநோய்களுக்கும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவின் கோளாறு ஆண், பெண் இருவர் வழியாகவும் இறங்கும். உங்கள் பெரியப்பாவின் பிள்ளைகளும், தம்பி என்ற முறையில் உங்கள் அப்பாவும் இந்த வட்டத்துக்குள் வருகிறார்கள். முகாமுக்குக் காத்திராமல் அவர்கள் இப்போதே மருத்துவரைப் பார்க்கட்டும்.

சோதனை எல்லாருக்கும் நன்மை மட்டுமே தரும் என்று மேடையில் பேசாதீர்கள். ஐரோப்பாவில் 55 முதல் 69 வயதுவரையுள்ள ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் ஏற்படும் மரணம் 13 சதவீதம் குறைந்தது. 456 பேரை அழைத்தால் ஓர் உயிர் காப்பாற்றப்படும் என்பது அதன் கணக்கு. அந்த ஓர் உயிர் ஒரு குடும்பத்தின் தூண். அதே வேளையில், ஒருபோதும் துன்பம் தந்திருக்காத மெதுவான புற்றுநோய்களும் சோதனையால் வெளிப்பட்டு, தேவையற்ற சிகிச்சையில் முடிந்ததுண்டு. இப்போது திசு எடுப்பதற்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதும், அபாயம் குறைந்த நோயை உடனே வெட்டாமல் தவறாமல் கண்காணித்து வருவதும் அந்தத் தீங்கைக் குறைத்திருக்கின்றன. பிரிட்டனில் 1643 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களுக்குக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு ஆகிய மூன்றில் எது கிடைத்திருந்தாலும், 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீத அளவுதான். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவியது ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து கேட்டு, பிறகு "சரி, எடுங்கள்" என்றோ "யோசித்துச் சொல்கிறேன்" என்றோ ஒருவர் சொல்லக்கூடிய இடமாக உங்கள் முகாம் இருக்க வேண்டும். காவடிக் கூட்டத்தில் இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல வரிசையில் நிறுத்திச் செய்யக்கூடிய காரியம் இதுவன்று.

ஆகவே முகாமுக்கு முன்பே, ஒத்துழைக்கும் ஒரு பொதுநல மருத்துவரைத் தேடிப் பிடியுங்கள். முடிவைத் தனி அறையில், அவரோ பயிற்சி பெற்ற செவிலியோ சொல்லட்டும்; வாட்ஸ்அப் குழுவில் எவர் பெயரும் வரக்கூடாது. எண் கூடியிருப்பவர் கையில் பரிந்துரைக் கடிதம் இருக்க வேண்டும்: ஆர்.கே.கான் மருத்துவமனையைப் போன்ற உள்ளூர் மருத்துவமனைக்கா, மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால் தனியார் சிறுநீரியல் நிபுணரிடமா என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் முறை போகும்போது கூடவே ஒருவர் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் விடியற்காலையில் கோப்பு எடுப்பதற்கு நிற்பதிலிருந்து மருந்தகச் சன்னல்வரை ஒரு முழு நாள் ஆகிவிடும். பழக்கமில்லாத ஒருவர் தனியாகப் போய் அந்த நாளைக் கடந்தால், இரண்டாம் முறை வரமாட்டார்.

இனி, நோய் உறுதியானவர்களைப் பற்றி. இங்கேதான் சங்கம் வேறு எவராலும் செய்ய முடியாததைச் செய்ய முடியும் என்று நம்புகிறேன். எங்கள் பிரிவில் ஆண்கள் என்னிடமும் மருத்துவரிடமும் வலி, இரத்தம், மாத்திரை பற்றிப் பேசுவார்கள். சிறுநீர் ஒழுகுவதையும், மனைவியோடு சேர முடியாமல் போனதையும் வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்நியரிடம் சொல்வார்கள், அவரும் அதே கதவுக்குள் போய்வந்தவர் என்பதால். அந்தப் பெஞ்சுப் பேச்சில் நடந்த மருத்துவம் உள்ளே நடந்ததற்குக் குறைந்ததல்ல. உங்கள் ஊரில் சிகிச்சை முடித்த இருவர், மூவரை மட்டும் கண்டுபிடித்து, மாதம் ஒரு மாலை ஓர் அறையில் உட்கார வையுங்கள். நாற்காலியும் தேநீரும் மூடக்கூடிய ஒரு கதவும் போதும். அங்கே வருபவர்கள் மருத்துவ அறிவுரை தரக்கூடாது. தங்களுக்கு நடந்ததைச் சொல்லலாம், மற்றவர் சொல்வதைக் கேட்கலாம். "எனக்கு அறுவைதான் நல்லது செய்தது, நீயும் செய்துகொள்" என்று ஒருவர் இன்னொருவரைத் தள்ளுவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். 1931இல் தொடங்கிய கான்சா என்னும் தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தை நடத்துபவருக்குப் பயிற்சி தரும்படி அவர்களிடம் கேளுங்கள். தென்னாப்பிரிக்கப் புரோஸ்டேட் புற்றுநோய் அறக்கட்டளையும் நோயாளிகளுக்கான விளக்கங்களைத் தருகிறது.

வெளிப்படையாகப் பேசிய பெரியவர்கள் நம் நாட்டில் உண்டு. பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவுக்கு 1997இல், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் தலைவராக இருந்தபோது, இந்த நோய் கண்டறியப்பட்டது. அவர் அதை மறைக்கவில்லை, 2021 டிசம்பரில் தம் 90ஆம் வயதில் காலமாகும்வரை 24 ஆண்டுகள் வாழ்ந்தார். நெல்சன் மண்டேலாவுக்கு 2001இல் கண்டறியப்பட்டது. ஏழு வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக்கொண்டார், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே மறைந்தார். ஒவ்வொருவருடைய நோயும் ஒரே மாதிரி போகாது. ஆனாலும், புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் உயில் எழுதத் தொடங்கும் ஒரு மனிதரிடம் இந்த இரு வரலாறுகளையும் சொல்வதில் தவறில்லை.

மனைவிமாரை மறந்துவிடாதீர்கள். அறுவைக்குப் பின் ஒன்று, இரண்டு வாரம், சிறுநீர் வடிவதற்கான செயற்கைக் குழாய் மாட்டியிருக்கும். அதைக் கழற்றிய பிறகு பல மாதங்கள் ஒழுக்கு இருக்கலாம், துணிப்பட்டை தேவைப்படலாம். இடுப்பு அடித்தசைப் பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டால் நல்லது. ஆண்குறி விறைப்பு திரும்புவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். அதற்கும் மாத்திரை, ஊசி, வெற்றிடக் கருவி என்று வழிகள் இருக்கின்றன, கேட்டால்தான் மருத்துவர் சொல்வார். இதையெல்லாம் கணவர் சொல்லாமல் விலகிப் படுக்கும்போது, தன் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்து அழுத அம்மாமார்களைப் பார்த்திருக்கிறேன். கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு செவிலி பேசும் அரை மணி நேரம், பல மாத மௌனத்தைத் தவிர்க்கும். பெண்களுக்கென்று தனியாக ஒரு மாலையும் ஒதுக்குங்கள்.

பரவிய நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை, ஆண் ஹார்மோனைக் குறைப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி போடலாம். அல்லது விந்தகங்களை அறுவை செய்து நீக்கலாம். ஹார்மோனைக் குறைப்பதில் இரண்டுக்கும் ஒரே பலன்தான். வெகு தொலைவிலிருந்து வருபவருக்கு, ஊசி தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்படும் கவலை இரண்டாவதில் இல்லை. ஆனாலும் ஓர் ஆணுக்கு அது எவ்வளவு பெரிய முடிவு என்பதை அவசரத்தில் இருக்கும் மருத்துவமனை சில வேளை மறந்துவிடுகிறது. அவர் யோசிக்கவும், வீட்டில் பேசவும், அதைச் செய்துகொண்ட ஒருவரைச் சந்திக்கவும் நேரம் கேட்கலாம் என்று நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். இந்தச் சிகிச்சையில் உடல் திடீரென்று கொதிப்பதும், ஆசை அடங்குவதும், எலும்பு பலவீனமடைவதும், எடை கூடுவதும், காரணமில்லாமல் கண்ணீர் வருவதும் உண்டு. கண்ணீர் மருந்தினாலும் வரும் என்று தெரிந்துகொள்வதே சிலருக்குப் பெரிய ஆறுதல்.

உடன் போகும் தொண்டர்கள் அனைவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய ஓர் அபாயம் இருக்கிறது. எலும்பில் பரவிய நோயுள்ளவருக்குப் புதிதாக முதுகுவலி கடுமையாகி, கால்கள் தளர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த கிளினிக் தேதிவரை காத்திருக்கக் கூடாது; அன்றே, அந்த மணியிலேயே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் அவர் மீண்டும் நடக்க முடியாமல் போகலாம்.

நாட்டு மருந்தைப் பற்றியும் கேட்பார்கள். மஞ்சளோ கசாயமோ சாப்பிடுபவரைத் திட்டாதீர்கள். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், சிகிச்சையை அதற்காக நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். வைட்டமின் ஈ மாத்திரை இந்த நோயைத் தடுக்கும் என்று முன்பு நம்பினார்கள். 35,000 ஆண்களைக் கொண்டு அமெரிக்காவை மையமாக வைத்து நடந்த ஆய்வு, அது அபாயத்தை 17 சதவீதம் கூட்டியதாக 2011இல் காட்டியது.

அடுத்தது, உரிமைக்காகக் குரல் கொடுப்பது. இதைக் கோயில் சங்கத்தின் வேலை அல்ல என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நோயாளிகளே 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று எழுதிய சட்டை அணிந்து தெருவுக்கு வந்து, 1998இல் ட்ரீட்மெண்ட் ஆக்ஷன் காம்பெயின் என்ற இயக்கமாகத் திரண்டு, 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் எச்.ஐ.வி. மருந்தைப் பெற்றுத் தந்த நாடு இது. நம் மாநிலத்தில் கதிர்வீச்சு இயந்திரங்கள் பழுதாகி, புற்றுநோய் மருத்துவர்களும் விலகிச் சென்ற காலத்தில், 2017 ஜூனில் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம், குவாசுலு-நட்டால் சுகாதாரத் துறை புற்றுநோயாளிகளின் உரிமைகளை மீறியது என்று அறிக்கை வெளியிட்டது. கௌட்டெங் மாநிலத்தில், கதிர்வீச்சுக்காகக் காத்திருந்த ஏறத்தாழ 3000 பேருக்காகக் கேன்சர் அலையன்ஸ் அமைப்பு வழக்குத் தொடுத்தது. அதற்கென 2023இல் ஒதுக்கப்பட்ட 78 கோடி ராண்டுக்கு மேற்பட்ட பணம் இருந்தும் சிகிச்சை கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்தத் தாமதம் சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு தரும் மருத்துவ உரிமை, எழுதிக் கேட்பவர்களுக்கு வேகமாக வந்து சேருகிறது. எனவே உங்கள் நோயாளிகளுக்குப் பரிந்துரை கிடைத்த தேதி, சிகிச்சை தொடங்கிய தேதி இரண்டையும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால், மருத்துவமனைக் குழுவிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நீங்கள் பேசுவது வேறு மாதிரி கேட்கப்படும். மெடிக்கல் எய்ட் உள்ளவர்களுக்கும் உதவி தேவைப்படும்: பரவாத, குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் சட்டப்படி கட்டாயப் பலன்களில் அடங்கும். நிறுவனம் மறுத்தால் முதலில் அதனிடமே எழுத்தில் முறையிட்டு, பிறகு மெடிக்கல் எய்ட் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு மன்றத்துக்குப் புகார் அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரியாது.

முகாமைக் கோயில் வாசலோடு நிறுத்தவும் வேண்டாம். நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டம், இந்தியர்களின் சாட்ஸ்வொர்த்தையும் கறுப்பின மக்களின் உம்லாசியையும் பிரித்து வைத்தது. நோய் பிரித்துப் பார்ப்பதில்லை. கறுப்பின ஆண்களுக்கு இந்த நோய் இளம் வயதிலேயே, கடுமையாக வரும் வாய்ப்பு கூடுதல்; மருத்துவமனைக்கு அவர்கள் முற்றிய நிலையில் வருவதும் கூடுதல். பிரசுரத்தை ஆங்கிலத்திலும் சுலுவிலும் அச்சிடுங்கள். பெரியவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கம் சேருங்கள். மாதாந்தரக் கூட்டத்துக்கு அக்கம்பக்கத்துச் சபைகளின் ஆண்களையும் கூப்பிடுங்கள்.

மீசையைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நவம்பரில் மீசை வளர்க்கும் 'மொவெம்பர்' இயக்கம் 2003இல் மெல்பர்னில் 30 பேர் தொடங்கியது, 2007இல் நம் நாட்டுக்கு வந்தது. உலகெங்கும் ஆண்களின் உடல்நலத்துக்குப் பெருந்தொகை திரட்டியிருக்கிறது. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நம் ஆண்கள் முகத்தில் மீசை புதிதல்ல, பார்ப்பவர் காரணம் கேட்கமாட்டார்; அதனால் நெஞ்சில் ஒரு வரி எழுதிய சட்டையும் சேரட்டும். திரளும் பணத்தை மேடைக்கும் சாப்பாட்டுக்கும் செலவிடாமல் போக்குவரத்துக்கு ஒதுக்குங்கள். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம் முதல் ஏழு, எட்டு வாரம்வரை. டொங்காட்டிலிருந்தோ ஸ்டாங்கரிலிருந்தோ டாக்ஸி மாறி மாறி வரும் ஓய்வூதியக்காரருக்கு, ஒழுக்கும் களைப்பும் சேர்ந்த அந்தப் பயணம் பாதியிலேயே சிகிச்சையைக் கைவிட வைக்கும். வெளியூர் நோயாளிகள் சிகிச்சைக் காலத்தில் தங்குவதற்குக் கான்சா விடுதிகள் நடத்துகிறது. இடம் இருக்கிறதா என்று சங்கத்தின் சார்பில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். தினமும் போய்வர விரும்புகிறவர்களுக்கு, ஓட்டுநர் உரிமம் உள்ள இளைஞர்கள் யார் யார், எந்தெந்தக் காலையில் அவர்களால் வண்டி எடுக்க முடியும் என்று ஒரு பட்டியலை இந்த வாரமே எழுதத் தொடங்கலாம்; இதற்கு நவம்பர் வர வேண்டியதில்லை.